முதல் கார், முதல் இன்சூரன்ஸ்: நான்கு விலையில் எதை எடுப்பது?

என் தங்கை மகனுக்கு வயது 23. சிறுசேரியில் முதல் வேலை, வேளச்சேரியில் வீடு. நான்கு வருடம் ஓடிய ஒரு வேகன் ஆர் வண்டியைப் பேசி முடித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் நான்கு தொகைகளை அனுப்பினான். 2,471. 6,570. 8,230. 10,600. கீழே ஒரு வரி: "மாமா, இதுல எது எடுக்கலாம்? 2,471 போதும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க."

நான் 16 வருடம் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் போடும் மேஜையில் உட்கார்ந்தவன். அடிபட்ட வண்டியோடு வருகிற பையன்களின் முகத்தையும், "இதெல்லாம் பாலிசில வராதுங்களா?" என்று அவர்கள் கேட்பதையும் நிறைய பார்த்திருக்கிறேன். அதனால் அவனுக்கு ஒரு வரியில் பதில் அனுப்ப மனம் வரவில்லை. வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். லண்டனிலோ அமெரிக்காவிலோ இருக்கும் சொந்தக்காரர்கள், "சின்ன வயசு, இன்சூரன்ஸுக்குப் பணத்தைப் பிடுங்கிவிடுவார்கள்" என்று பயமுறுத்துவார்கள். அங்கே அது பெரும்பாலும் உண்மை, ஓட்டுகிறவரின் வயதையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். நம் ஊரில் பாலிசி வண்டியைப் பார்த்துப் போடப்படுகிறது. மூன்றாம் நபர் பாலிசிக்கு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான பாலிசிக்கு, 21 வயதுக்காரருக்கும் 60 வயதுக்காரருக்கும் ஒரே கட்டணம். நம் வண்டிக்கு ஆகும் சேதத்தைப் பார்த்துக்கொள்ளும் சொந்தச் சேதப் பகுதிக்கும் வண்டியின் மாடல், வயது, சிசி, எந்த ஊரில் பதிவானது, முன்பு கிளைம் வாங்கியிருக்கிறீர்களா என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. இளைஞருக்குச் செலவு கூடுவது வேறு காரணத்தால்: கையில் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் வாங்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, இருக்காது. அதை அப்புறம் பார்ப்போம்.

2,471 ரூபாய் பாலிசி

இது மூன்றாம் நபர் பாலிசி. மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம் என்று சொல்வது இதை மட்டும்தான். 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி 1,000 சிசி வரையிலான காருக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. இவன் வண்டி 998 சிசி. 2,094-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 2,471. எந்தக் கம்பெனியிடம் போனாலும் இந்தத் தொகை மாறாது. ஆகவே இதற்காக பத்து இடத்தில் விலை கேட்டு அலைய வேண்டாம்.

உங்கள் வண்டி ஒருவர் மீது மோதி அவர் இறந்தாலோ ஊனமானாலோ, தீர்ப்பாயம் எவ்வளவு இழப்பீடு சொன்னாலும் கம்பெனி கட்டும், உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் சொத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. இது சின்ன விஷயமே இல்லை. நம் வாழ்நாள் சம்பாத்தியத்தைக் காப்பாற்றுகிற பகுதி இதுதான். இந்த 7.5 லட்சத்தை வெறும் 6,000 ஆகக் குறைத்துக்கொண்டால் நூறு ரூபாய் தள்ளுபடி என்று ஒரு கட்டம் படிவத்தில் இருக்கும். தயவுசெய்து அதை டிக் செய்யாதீர்கள். சிக்னலில் முன்னால் நிற்கும் காரின் பின்கதவை நசுக்கினாலே 6,000 எங்கே போகும் என்று தெரியாது.

ஆனால் இதில் உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாய் கூட வராது. திருடு போனாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும், நீங்களே தூணில் இடித்தாலும் செலவு உங்களுடையது. அதோடு 15 லட்சத்துக்கான சொந்த விபத்துக் காப்பீடும் அந்த 2,471-ல் சேரவில்லை. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு இன்சூரன்ஸ் விதிப்படி அது கட்டாயம், வேறு இடத்தில் அதே அளவு விபத்துக் காப்பீடு இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். முதல் முறை ஓட்டுகிறவன் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

அப்படியானால் யாருக்கு 2,471 போதும்? பன்னிரண்டு, பதிமூன்று வருடம் ஓடிய ஆல்டோவை எண்பதாயிரத்துக்கு வாங்கி ஓட்டிப் பழகுகிறவருக்குப் போதும். அந்த வண்டி நாளைக்கே இல்லாமல் போனாலும் கடன் வாங்காமல் சமாளிக்க முடியும் என்றால் போதும். தங்கை மகன் கதை அப்படியில்லை. பாதி அவன் சேமிப்பு, பாதி என் தங்கையின் சீட்டுப் பணம். போனால் திரும்ப வராத பணம். வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை, வங்கியே முழு பாலிசி கேட்கும்.

6,570-க்கும் 8,230-க்கும் நடுவில்

இரண்டுமே முழு பாலிசிதான். மூன்றாம் நபர், சொந்தச் சேதம், விபத்துக் காப்பீடு மூன்றும் சேர்ந்தது. ஒரே கம்பெனியின் இரண்டு விலை என்பதால் பையன் சின்னதைத்தான் எடுக்கப் பார்த்தான். வித்தியாசம் ஐடிவி என்கிற ஒரே வரியில் இருந்தது. வண்டி முழுதாகப் போனால் கம்பெனி தருகிற மதிப்பு அது. 8,230-ல் ஐடிவி 2,90,000. 6,570-ல் 2,00,000.

எங்கள் மேஜைக்கு வந்து அழுதவர்களில் பெரும்பாலோர் இந்த வரியைப் படிக்காதவர்கள். ஐடிவி என்பது வண்டி திருடு போனால் மட்டும் வருகிற கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கம்பெனி அதை டோட்டல் லாஸ், அதாவது வண்டி முழு நஷ்டம், என்று முடித்துவிடும். இதை எண்ணில் பாருங்கள். வெள்ளத்தில் வண்டி நனைந்து எஸ்டிமேட் 1,60,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐடிவி 2,90,000 என்றால் 75 சதவீதம் 2,17,500. ரிப்பேர் செய்துவிடலாம், வண்டி கைக்கு வரும். ஐடிவி 2,00,000 என்றால் எல்லை 1,50,000 தான், வண்டி டோட்டல் லாஸ். ஒவ்வொரு கிளைமிலும் நாம் போட வேண்டிய ஆயிரம் ரூபாய் கட்டாயப் பிடித்தம் போக 1,99,000 கொடுத்து, வண்டியையோ அதன் பழைய இரும்பு மதிப்பையோ கம்பெனி கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூன்று லட்சம் கொடுத்து வாங்கிய வண்டி, கையில் இரண்டு லட்சம். இதற்காக மிச்சம் பிடித்தது 1,660 ரூபாய்.

நியாயமான ஐடிவி எவ்வளவு என்பதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது. வண்டியின் பட்டியல் விலையிலிருந்து முதல் ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழியும், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குக் கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. இந்தக் கணக்கை ஒரு முறை நீங்களே போட்டுப் பாருங்கள். திரையில் வருகிற மலிவு விலைக்குப் பின்னால் இருப்பது கம்பெனியின் தள்ளுபடியா, ஐடிவியில் விழுந்த வெட்டா என்று உடனே தெரிந்துவிடும். எனக்கு 6,570 முதலிலேயே கழிந்துவிட்டது.

ஜீரோ டெப்: கூடுதலாக 2,370 எதற்கு?

நான்காவது விலையான 10,600-ல் இரண்டு கூடுதல் பாதுகாப்புகள் இருந்தன: ஜீரோ டெப் (மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது), எஞ்சின் பாதுகாப்பு (தண்ணீர் புகுந்து கெட்ட எஞ்சினுக்குப் பணம் தருவது).

ஜீரோ டெப்பை நான் எப்போதும் ஒரு பில்லை வைத்துத்தான் விளக்குவேன். முன்பக்கம் இடித்து வந்த நான்கு வருட வண்டி. பம்பர், கிரில், ஹெட்லைட், ரேடியேட்டர் சட்டம் எல்லாம் பிளாஸ்டிக், 22,000. பானெட்டும் ஃபெண்டரும் தகடு, 12,000. டிங்கரிங், பெயிண்ட், கூலி 14,000. மொத்தம் 48,000. சாதாரண முழு பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி கழிப்பார்கள், அங்கே 11,000 போயிற்று. நான்கு வருடம் தாண்டிய வண்டியின் தகடுக்கு 35 சதவீதம், அது 4,200. கட்டாயப் பிடித்தம் 1,000. பெயிண்டிலும் கொஞ்சம் கழிவு இருக்கும், அதை விட்டாலே உங்கள் கையிலிருந்து 16,200. ஜீரோ டெப் இருந்தால் 1,000 தான்.

இப்போதைய கார்களில் வெளியே தெரிகிற பாகத்தில் எவ்வளவு பிளாஸ்டிக் என்று தட்டிப் பார்த்தாலே தெரியும். புதிதாக ஓட்டுகிறவன் அதிகம் இடிப்பதும் அங்கேதான். அதனால் முதல் இரண்டு வருடம் ஜீரோ டெப் எடுப்பது நல்லது என்பது என் கருத்து. கை பழகிய பிறகு விட்டுவிடலாம். பல கம்பெனிகள் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு இதைத் தருவதில்லை, வருடத்துக்கு இத்தனை கிளைம்தான் என்று கணக்கும் வைத்திருப்பார்கள். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சின் பாதுகாப்பு ஊரைப் பொறுத்தது. மதுரையில் மேட்டுத் தெருவில் வீடு என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் என்றால் கண்டிப்பாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அது அனுபவம் கற்றுக்கொடுத்தது.

சாதாரண முழு பாலிசியிலும் வெள்ளச் சேதம் உண்டு. சீட், தரைவிரிப்பு, ஒயரிங் எல்லாம் கிடைக்கும். கிடைக்காதது, தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வளைந்த கனெக்டிங் ராடும் உடைந்த பிஸ்டனும். வெள்ளத்தினால் வந்த சேதம் இல்லை, அதற்குப் பிறகு நீங்கள் செய்த காரியத்தால் வந்தது என்பார்கள். சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்ததும் முதலில் பானெட்டைத் தூக்கி ஏர் ஃபில்டர் டப்பாவைத்தான் திறப்பார். உள்ளே காகிதம் நனைந்து, ஓரத்தில் சேற்றுக் கோடு இருந்தால் அவர் முகம் மாறும். நான் பக்கத்தில் நின்று பார்த்தது ஒன்றிரண்டு தடவை இல்லை. தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் தொடாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். எஞ்சின் பாதுகாப்பு இருந்தாலும் இதையே செய்யுங்கள்.

அப்பா பெயரில் வாங்கினால்?

இதைக் கேட்டது என் தங்கை. நல்ல கேள்வி. அவள் வீட்டுக்காரர் போன வருடம் தன் பழைய காரை விற்றபோது 50 சதவீத நோ கிளைம் போனஸுக்குக் கடிதம் வாங்கி வைத்திருக்கிறார். போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். கடிதம் மூன்று வருடம் செல்லும். புது வண்டியை அவர் பெயரில் பதிந்தால் சொந்தச் சேதப் பிரீமியம் பாதியாகும். இவன் கணக்கில் அந்தப் பிரீமியம் 4,534 ரூபாய், அதில் பாதி குறைந்து வரியோடு 2,675 மிச்சம். பையன் ஓட்டினாலும் செல்லும், ஏனென்றால் உரிமையாளர் சம்மதத்தோடு, சரியான லைசன்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் நம் ஊர் பாலிசி பொறுப்பேற்கும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 15 லட்சம் விபத்துக் காப்பீடு அப்பாவுக்குத்தான், ஓட்டுகிற பையனுக்கு இல்லை. அவனுக்குத் தனியாக எடுக்க வேண்டும். ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டினாலும் போனஸ் அப்பா கணக்கில்தான் ஏறும். அப்புறம் வண்டியை மகன் பெயருக்கு மாற்றினால் அவன் பூஜ்யத்திலிருந்து தொடங்குவான், அப்பா உயிரோடு இருக்கும்போது போனஸ் மகனுக்குப் போகாது. அவன் பெயரிலேயே தொடங்கினால் ஒவ்வொரு கிளைம் இல்லாத வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 என்று ஏறிவிடும்.

வீட்டில் எல்லோரும் ஓட்டுகிற குடும்ப வண்டி என்றால் அப்பா பெயர் நல்லது. இவன் வண்டி இவனுடையது, நாளைக்கு வேலை பெங்களூருக்கு மாறினால் கூடவே போகும். எனவே இவன் பெயரிலேயே பதியச் சொன்னேன். முதல் வருடம் 2,675 கூடுதல், அதை நான் மறைக்கவில்லை. ஸ்கூட்டர் பாலிசியில் சேர்த்து வைத்த போனஸைக் காருக்குக் கொண்டுவர முடியுமா என்று அவன் கேட்டான். முடியாது, ஒரே வகை வண்டிக்குத்தான்.

இங்கே ஒரு வேதனையான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சில வருடம் முன்பு எங்கள் தெருப் பையன் ஒருவன் பழைய கார் வாங்கினான். பாலிசி போட்டுக் கொடுத்தவர் அவனைக் கேட்காமலே 50 சதவீத போனஸ் இருப்பதாகப் படிவத்தில் போட்டு விலையைக் குறைத்திருக்கிறார். பையனும் மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டான். எட்டு மாதம் கழித்து செங்கல்பட்டு பக்கம் லாரியில் மோதி, ஒன்றேகால் லட்சம் எஸ்டிமேட். கம்பெனி பழைய பாலிசியைச் சரிபார்த்தது, போனஸ் பொய் என்று கிளைமை மறுத்தது. வண்டி எங்கள் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் நான்கு மாதம் தூசி படிந்து நின்றது. போனஸ் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பணம் கட்டும் முன் நீங்களே பாருங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவருக்கு இன்னொன்று. வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நபர் பகுதி தானாகவே உங்களோடு வந்துவிடும். சொந்தச் சேதப் பகுதி வராது. விற்றவரின் போனஸும் உங்களுக்கு இல்லை, அந்த வித்தியாசத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் பெயர் மாற்ற முடியும்.

உண்மையாகவே விலை குறையும் இடங்கள்

விருப்பப் பிடித்தம் ஒன்று. "முதல் 2,500 ரூபாய் நானே போட்டுக்கொள்கிறேன்" என்று ஒத்துக்கொண்டால், பழைய கட்டண விதிப்படி சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம், அதிகபட்சம் 750 ரூபாய் குறையும். 5,000-க்கு 25 சதவீதம், அதிகபட்சம் 1,500. பல கம்பெனிகள் இன்னும் இதையே பின்பற்றுகின்றன. இது எனக்குப் பிடித்த வழி. மூவாயிரம் ரூபாய்க் கீறலுக்கு நீங்கள் எப்படியும் கிளைம் போடக் கூடாது, போட்டால் அடுத்த வருடப் போனஸ் போய்விடும். கேட்கவே போகாத பணத்தை விட்டுக்கொடுத்துத் தள்ளுபடி வாங்குகிறோம், அவ்வளவுதான்.

ஓட்டும் தூரத்துக்கேற்ற பாலிசி இன்னொன்று. 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ அனுமதி கொடுத்த பிறகு வந்தது. கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுப்பவருக்கு நல்ல லாபம். தங்கை மகன் தினமும் ஓஎம்ஆரில் போய் வருவான், மாதம் ஒரு முறை திருநெல்வேலி. அவனுக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டோம்.

எங்கே வாங்குவது என்பதில் எனக்குப் பெரிய அழுத்தம் இல்லை. கார் விற்பவரிடமே வாங்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, அங்கே பெரும்பாலும் விலையும் கூடுதல். ஆன்லைனில் மலிவு. தெரிந்த ஏஜென்ட் கிளைம் நேரத்தில் சர்வேயருக்குப் போன் அடித்து நிற்பார், அதற்கும் மதிப்பு உண்டு. எதில் வாங்கினாலும் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், பணம் கட்டாமல் வேலை முடித்துத் தரும் ஒர்க்‌ஷாப் அந்தக் கம்பெனிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் கழித்து எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பாலிசி ஏறியிருப்பது தெரியும்.

கடைசியாக, ஓன் போர்டு வண்டியை நண்பர்களுக்கு வாடகைக்குக் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் அடிபட்டால் சொந்தச் சேதக் கிளைம் நிற்காது. எல்எல்ஆர் வைத்திருக்கும் தம்பி ஓட்டிப் பழக வேண்டுமென்றால் எல் போர்டு ஒட்டி, லைசன்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அவன் எடுத்தது 10,600 பாலிசி, 2,500 விருப்பப் பிடித்தத்தோடு. வரி உட்பட 885 குறைந்து 9,715 வந்தது. "2,471-லிருந்து ஆரம்பிச்சு இங்க வந்து நிக்கிறோமே மாமா" என்றான். வருத்தம் எனக்கும் புரிகிறது, முதல் சம்பளக்காரனுக்கு ஏழாயிரம் ரூபாய் பெரிய தொகை. மூன்றாம் வருடம் ஜீரோ டெப்பை எடுத்துவிட்டால், கூடவே 25 சதவீதப் போனஸும் வந்தால், இது எவ்வளவு இறங்கும் என்று அதே நோட்டில் போட்டுக் காட்டினேன். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் அந்தப் போனஸ் முழுதும் போய்விடும் என்பதையும் அடியில் எழுதினேன். என் தங்கை பாலிசி முடியும் தேதியைப் பார்த்துவிட்டு, சமையலறையில் கேஸ் புக் செய்த நாளைக் குறித்து வைக்கும் மாதக் காலண்டரின் கடைசித் தாளைப் புரட்டி, சிவப்புப் பேனாவில் "கார்" என்று எழுதி வட்டம் போட்டாள்.